போனை எடுக்காத எலக்ட்ரீஷியன்: வீட்டு வயரிங்குக்குச் சான்றிதழ் வாங்க முழு வழிகாட்டி

வேலை முடிந்துவிட்டது, பணமும் கொடுத்தாகிவிட்டது, விளக்கெல்லாம் எரிகிறது. சான்றிதழ் மட்டும் வரவில்லை. "அடுத்த வாரம் தர்றேன்" என்று சொன்னவர் இப்போது போனை எடுப்பதில்லை, அல்லது அந்த எண்ணே உபயோகத்தில் இல்லை.

நானும் ஒரு முறை இப்படி மாட்டியிருக்கிறேன். அதன்பின் தெரிந்தவர்கள் சிலருக்குக் கூடவே இருந்து முடித்துக் கொடுத்திருக்கிறேன். புதிதாக இதில் இறங்குகிறவர்கள் எல்லாரும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள்: எடுத்த எடுப்பில் "கையெழுத்து போட்டுத் தர ஆள் கிடைக்குமா" என்று தேடுகிறார்கள். பணமும் நாளும் போவது அங்கேதான்.

படிவங்களின் பெயரும் அலுவலகங்களின் பெயரும் இடத்துக்கு இடம் மாறும். சோதனைகள் அவ்வளவாக மாறுவதில்லை. வயரிங்கைச் சரிபார்ப்பது பற்றி ஐஇசி 60364 என்ற சர்வதேசத் தரத்தின் 6ஆம் பகுதி சொல்வதைத்தான் பல நாடுகளின் விதிகள் ஒட்டிப் போகின்றன. கீழே உள்ள அளவுகள் 230 வோல்ட் வீட்டு இணைப்புக்கானவை.

1. முதலில் ஆபத்து இருக்கிறதா என்று பாருங்கள்

காகிதம் அப்புறம். டிபி பாக்ஸில் (மின்சாரம் ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் பிரிந்து போகும் பெட்டி) கருகல் வாடை, தொட்டால் சூடாக இருக்கும் பிளக் பாயிண்ட், வாஷிங் மெஷினைத் தொட்டால் சுருக்கென்று ஷாக், காரணமில்லாமல் ட்ரிப் ஆகும் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்). இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த சர்க்யூட்டை அணைத்துவிட்டுப் பழுதுபார்க்க ஆள் கூப்பிடுங்கள். சான்றிதழுக்கு ஆள் தேடிக்கொண்டிருக்கும் நேரமல்ல அது.

"எல்லாம் நல்லாத்தானே ஓடுது" என்பதை நம்ப வேண்டாம். ஸ்குரூ சரியாக முறுக்காத ஓர் இணைப்பில் அரை ஓம் தடை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதன் வழியே 10 ஆம்பியர் போனால் அந்த ஒரு புள்ளியில் 50 வாட் வெப்பம் உண்டாகும். மின்னழுத்தம் 5 வோல்ட்தான் குறையும், உங்கள் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. எம்சிபியும் (அளவுக்கு மேல் மின்சாரம் ஓடினால் துண்டிக்கும் சுவிட்ச்) ட்ரிப் ஆகாது, ஏனென்றால் அதன் கணக்கில் அது சாதாரண லோடு. பிளாஸ்டிக் பெட்டிக்குள் மட்டும் ஒரு சால்டரிங் அயர்ன் அளவுக்குச் சூடு ஏறிக்கொண்டிருக்கும்.

2. எந்தக் காகிதம் வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள்

சான்றிதழ் என்ற ஒரே சொல்லால் இரண்டு வேறு காகிதங்களைக் குறிக்கிறார்கள். ஒன்று வேலைச் சான்றிதழ். "இதை நான் இப்படித் திட்டமிட்டேன், இப்படிச் செய்தேன், இப்படிச் சோதித்தேன்" என்று வேலை செய்தவர் பொறுப்பேற்பது. இன்னொன்று நிலை அறிக்கை. "இன்று இந்த வயரிங் இந்த நிலையில் இருக்கிறது" என்று தகுதியுள்ள வேறொருவர் பார்த்துச் சொல்வது.

ஆள் கிடைக்காத நிலையில் உங்களுக்குப் பெரும்பாலும் கிடைக்கக்கூடியது இரண்டாவதுதான். சுவருக்குள் வயர் போனதைப் பார்க்காத ஒருவர் முதல் காகிதத்தில் நேர்மையாகக் கையெழுத்து போட முடியாது. திட்டமும் அவருடையதல்ல, வேலையும் அவருடையதல்ல. சோதனை மட்டுமே அவருடையதாக இருக்கும்.

ஆகவே காகிதத்தைக் கேட்பவரிடமே போங்கள். காப்பீட்டு நிறுவனமோ, வீடு வாங்குபவரின் வழக்கறிஞரோ, மின் வாரியமோ, கட்டட அனுமதி அலுவலகமோ, யாராக இருந்தாலும் ஒரே கேள்வி: "வேலை செய்தவர் கிடைக்கவில்லை. உரிமம் பெற்ற வேறொருவரின் நிலை அறிக்கையை ஏற்பீர்களா? வேறு என்ன சேர்த்துத் தர வேண்டும்?" பதிலை மின்னஞ்சலிலோ கடிதத்திலோ வாங்குங்கள். கவுன்ட்டரில் ஒருவர் வாயால் சொன்னது அடுத்த முறை அவர் விடுப்பில் இருந்தால் செல்லாது.

இந்தப் படியைத் தாண்டிப் போனவர்கள் ஆய்வுக்குப் பணம் கட்டி, அறிக்கையும் வாங்கிய பிறகு "இந்தப் படிவம் இல்லை" என்ற பதிலோடு திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

3. அவரைத் தேடுங்கள், தேடியதற்குத் தடயம் வையுங்கள்

ஐம்பது முறை போன் அடித்தது தேடியதாகக் கணக்கில் வராது. பில்லில் உள்ள முகவரிக்கு ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால், கூடவே ஒரு மின்னஞ்சல். அதில் வேலை நடந்த தேதிகள், என்னென்ன வேலை, எந்தக் காகிதம் வரவில்லை, எத்தனை நாளுக்குள் வேண்டும் என்பவை இருக்கட்டும். இரண்டு வாரம் நியாயமான கெடு. திட்டுவதை விட்டுவிடுங்கள், இந்தக் கடிதத்தை நாளை வேறு யாராவது படிக்க வேண்டியிருக்கும். கடிதம் திரும்பி வந்தால் உறையைப் பிரிக்காமல் அப்படியே வையுங்கள்.

கடிதம் போய்ச் சேரும் நேரத்தில் இன்னும் இரண்டு கதவுகளைத் தட்டலாம். அவர் ஒரு கட்டட ஒப்பந்ததாரர் மூலம் வந்தவரென்றால், நீங்கள் ஒப்பந்தம் போட்டது அந்த ஒப்பந்ததாரரிடம்தான், சான்றிதழ் வாங்கித் தருவதும் அவர் பொறுப்பாகவே இருக்கும். இரண்டாவது, அவருக்கு உரிமம் கொடுத்த அமைப்பு. அங்கே அவருடைய புதிய முகவரி இருக்கலாம், உரிமம் காலாவதியான விஷயமும் தெரியவரலாம். சில சமயம் சான்றிதழை அவர் ஏற்கெனவே அங்கே பதிவு செய்திருப்பார், உங்களுக்குக் கொடுக்க மட்டும் மறந்திருப்பார். எனக்குத் தெரிந்த ஒருவருடைய மூன்று மாத அலைச்சல் இப்படி ஒரே மின்னஞ்சலில் முடிந்தது.

மனிதருக்கு உடம்பு சரியில்லாமலோ, அதைவிட மோசமாகவோ ஏதாவது ஆகியிருக்கலாம் என்பதும் நினைவில் இருக்கட்டும். அப்படியானால் குடும்பத்தாரிடமோ உதவியாளரிடமோ அவருடைய சோதனைக் குறிப்பேடு இருக்கிறதா என்று பணிவாகக் கேட்கலாம். அது கிடைத்தால் பாதி வேலை குறையும்.

4. திறந்திருப்பதை மூடாதீர்கள்

சுவர் இன்னும் பூசப்படாமல் இருந்தால், ஃபால்ஸ் சீலிங் இன்னும் ஏறாமல் இருந்தால், அப்படியே நிறுத்துங்கள். மூடிய பிறகு பார்ப்பதற்கும் திறந்திருக்கும்போது பார்ப்பதற்கும் அறிக்கையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் வரும். கண்ணால் பார்த்ததை எழுதுபவர் "சரி" என்று எழுதுவார். பார்க்காததை "சரிபார்க்க இயலவில்லை" என்றுதான் எழுதுவார்.

ஏற்கெனவே மூடியிருந்தால் பதற வேண்டாம், சுவரை உடைக்கவும் வேண்டாம். எங்கே திறக்க வேண்டும் என்று நிலை அறிக்கை தரப்போகும் ஆய்வாளர் சொல்லட்டும். ஜங்ஷன் பாக்ஸ் மூடிகள், சுவிட்ச் போர்டுகள், சீலிங்கில் விளக்கு மாட்டிய ஓட்டைகள் வழியாகவே நிறையப் பார்த்துவிடலாம். ஜங்ஷன் பாக்ஸின் மேலேயே பூசி மறைத்திருந்தால் மட்டும் அதைத் திறந்துதான் ஆக வேண்டும். வயர்கள் இணையும் இடம் எப்போதும் கைக்கு எட்ட வேண்டும், பழுது வருவது பெரும்பாலும் இணைப்பில்தான்.

5. ஆய்வாளர் வருவதற்கு முன் ஒரு கோப்பு தயார் செய்யுங்கள்

இந்த வேலையில் சலிப்பான பகுதி இதுதான். பலன் அதிகம் தருவதும் இதுதான். ஒன்றும் இல்லாத வீட்டில் ஆய்வாளர் முதல் இரண்டு மணி நேரத்தை எந்த வயர் எங்கே போகிறது என்று கண்டுபிடிப்பதிலேயே செலவழிப்பார். அதற்கும் நீங்கள்தான் பணம் தருவீர்கள்.

முதலில் போட்டோக்கள். வேலை நடந்தபோது வீட்டில் யார் எடுத்த படமானாலும் தேடுங்கள். குழந்தை விளையாடுவதை எடுத்த படத்தின் பின்னணியில் பூசாத சுவரும் பைப்பும் தெரிந்தால் அதுவும் சாட்சிதான். தேதி அழியாமல் மூலப் படத்தையே வையுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பி மீண்டும் சேமித்த படத்தில் எடுத்த தேதி பெரும்பாலும் போய்விடும்.

அடுத்து, பொருட்களின் பில்லும் அடையாளமும். வயரின் மேலுறையிலேயே அதன் அளவும் தர எண்ணும் நீளவாக்கில் அச்சிட்டிருக்கும். மீந்துபோன துண்டு வீட்டில் எங்காவது கிடந்தால் எடுத்து வையுங்கள். எம்சிபி, ஆர்சிசிபி ஆகியவற்றின் முகப்பை எழுத்து தெரியும்படி படமெடுங்கள். படமெடுக்க டிபி பாக்ஸின் உள் மூடியைக் கழற்றாதீர்கள். மெயின் சுவிட்சை அணைத்தாலும் அதற்குள் வரும் வயரில் மின்சாரம் இருந்துகொண்டேதான் இருக்கும்.

மூன்றாவது, சர்க்யூட் பட்டியல். இதை நீங்களே ஒரு மதியத்தில் செய்துவிடலாம். எல்லா விளக்கையும் போட்டுவிட்டு, எம்சிபிகளை ஒவ்வொன்றாக அணைத்து, எது எது நிற்கிறது என்று எழுதுங்கள். பிளக் பாயிண்டுகளுக்கு ஒரு டேபிள் லேம்ப் போதும். ஒரு பாயிண்ட் எந்த எம்சிபியை அணைத்தாலும் நிற்கவில்லை என்றாலோ, இரண்டை அணைத்தால்தான் நிற்கிறது என்றாலோ சிவப்பு மையில் குறியுங்கள். ஆய்வாளர் முதலில் போக வேண்டிய இடம் அது.

பட்டியல் போடும்போதே எம்சிபியின் ஆம்பியர் எண்ணையும் பக்கத்தில் எழுதுங்கள். எம்சிபி காப்பது வயரை, அதில் மாட்டிய கருவியை அல்ல. 1.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) வயர் போகும் சர்க்யூட்டில் 32 ஆம்பியர் எம்சிபி உட்கார்ந்திருந்தால், வயர் சூடாகி உறை இளகும் வரை எம்சிபி சும்மா இருக்கும். "அடிக்கடி ட்ரிப் ஆச்சு, பெருசா மாத்திட்டோம்" என்ற வீடுகளில் இதைப் பார்க்கலாம்.

6. ஆய்வாளரைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டியவை

உரிம எண்ணைக் கேளுங்கள், அதைக் கொடுத்த அமைப்பிடம் நீங்களே சரிபாருங்கள். வயரிங் செய்யும் உரிமம் உள்ள எல்லாருக்கும் ஆய்வு செய்து அறிக்கை தரும் தகுதி இருக்க வேண்டும் என்பதில்லை. முந்தைய எலக்ட்ரீஷியனோடு கூட்டாக வேலை செய்தவரைத் தவிர்ப்பது நல்லது.

அப்புறம் நான் எப்போதும் கேட்கும் ஒரு கேள்வி: "பழைய வேலைக்கு வேலைச் சான்றிதழ் தருவீர்களா?" நல்ல ஆய்வாளர் முடியாது என்பார், ஏன் முடியாது என்றும் சொல்வார். "போட்டோ அனுப்புங்க, சாயங்காலமே அனுப்பிடறேன்" என்பவரிடம் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். அந்தக் காகிதம் பொய் ஆவணம். நாளை தீ விபத்து என்று காப்பீட்டுத் தொகை கேட்டுப் போகும்போது, காகிதம் இல்லாததைவிட அது இருப்பதுதான் உங்களுக்குப் பெரிய சிக்கல்.

சோதனைக் கருவி கடைசியாக எப்போது அளவுத் திருத்தம் ஆனது, எத்தனை மணி நேரம் எடுப்பார், ஒவ்வொரு சர்க்யூட்டின் அளவும் அறிக்கையில் வருமா என்பதையும் கேளுங்கள். முக்கால் மணி நேரத்தில் முழு வீட்டையும் முடிப்பேன் என்றால் அவர் பார்க்கப்போவது டிபி பாக்ஸ் கதவை மட்டும்தான்.

7. ஆய்வு நாளுக்கு முந்தைய இரவு

கட்டிலுக்கும் அலமாரிக்கும் பின்னால் உள்ள பிளக் பாயிண்டுகள் கைக்கு எட்ட வேண்டும். எட்டாதவை சோதிக்கப்படாமல் போகும், அறிக்கையிலும் அப்படியே பதிவாகும்.

கணினி, டிவி, இன்வெர்ட்டர், சார்ஜர் எல்லாவற்றையும் பிளக்கிலிருந்து பிடுங்கிவிடுங்கள், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. வயரின் உறை மின்சாரத்தைக் கசியவிடாமல் தடுக்கிறதா என்று பார்க்கும் உறைத் தடை சோதனைக்கு, ஊர்க்காரர்கள் மெக்கர் டெஸ்ட் என்பதற்கு, வயரில் 500 வோல்ட் டிசி செலுத்துவார்கள். மின்னணுக் கருவிகள் அதைத் தாங்காமல் போகலாம், அல்லது அளவைக் கெடுத்து நல்ல வயரைக் கெட்டதாகக் காட்டலாம். டிம்மர், எல்இடி டிரைவர், சர்ஜ் பாதுகாப்புக் கருவி எங்கெங்கே இருக்கின்றன என்று ஆய்வாளரிடம் முன்பே சொல்லுங்கள். இன்வெர்ட்டரும் சோலாரும் இருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும். வெளி மின்சாரத்தை அணைத்த பின்னும் அவை வயரில் மின்சாரம் விடும்.

வீட்டில் யாராவது மின்சாரத்தில் ஓடும் மருத்துவக் கருவியை நம்பியிருந்தால் அதற்கு மாற்று ஏற்பாடு செய்தபின் நாள் குறியுங்கள்.

8. சோதனை எந்த வரிசையில் நடக்க வேண்டும்

முதலில் கண்ணால் பார்ப்பது, பிறகு மின்சாரத்தை அணைத்து வைத்துச் செய்யும் சோதனைகள், கடைசியாக மின்சாரத்தோடு. எர்த் வயர் அறுந்திருக்கிறதா என்று தெரியாமலேயே மின்சாரத்தைக் கொடுத்துச் சோதித்தால், சோதனையே ஆளைத் தாக்கலாம். அதனால்தான் இந்த வரிசை.

மின்சாரம் இல்லாமல் முதலில் தொடர்ச்சி. டிபி பாக்ஸிலிருந்து ஒவ்வொரு பாயிண்ட் வரைக்கும் எர்த் வயர் அறுபடாமல் போகிறதா என்று பார்ப்பது. அடுத்து உறைத் தடை. 500 வோல்ட்டில் சோதிக்கும்போது குறைந்தது 1 மெகா ஓம் வர வேண்டும். புது வயரிங்கில் இதைவிடப் பல மடங்கு வரும். ஆகவே புது வேலையில் 2 மெகா ஓம் வந்தால் விதிப்படி தேறியது, ஆனாலும் எங்கோ ஈரமோ ஆணி பட்ட வயரோ இருக்கிறது என்று சந்தேகப்படலாம். பிறகு பேஸும் நியூட்ரலும் மாறாமல் இருக்கின்றனவா, சுவிட்ச் பேஸில்தான் இருக்கிறதா என்பது. சுவிட்ச் நியூட்ரலில் இருந்தால் விளக்கு அணையும், ஆனால் ஹோல்டரில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும்.

மின்சாரம் வந்தபின் முக்கியமானது எர்த் லூப் தடை, அதாவது பழுது வந்தால் மின்சாரம் பேஸ் வயரில் வந்து எர்த் வழியாகத் திரும்பிப் போகும் முழுப் பாதையின் தடை. இதை ஒரு கணக்கில் புரிந்துகொள்ளலாம். 16 ஆம்பியர் பி வகை எம்சிபி உடனே ட்ரிப் ஆவதை உறுதியாகச் சொல்ல அதன் 5 மடங்கு, அதாவது 80 ஆம்பியர் ஓட வேண்டும். 230ஐ 80ஆல் வகுத்தால் சுமார் 2.9 ஓம். லூப் தடை அதற்குள் இருக்க வேண்டும். இப்போது மின்சாரம் திரும்பிப் போக மண்ணில் புதைத்த எர்த் கம்பி மட்டுமே வழி, அதன் தடை 20 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேஸ் வயர் கருவியின் உலோக உடலில் பட்டாலும் 11.5 ஆம்பியர்தான் ஓடும். 16 ஆம்பியர் எம்சிபி அசையவே அசையாது. அந்த வீட்டில் உங்களைக் காப்பது ஆர்சிசிபி மட்டும்தான்.

அதனால் ஆர்சிசிபியையும் கருவி வைத்தே சோதிக்க வேண்டும். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி 15இல் ட்ரிப் ஆகக் கூடாது, 30இல் 300 மில்லி செகண்டுக்குள் ஆக வேண்டும், 150இல் 40 மில்லி செகண்டுக்குள். அதன் மேலுள்ள டெஸ்ட் பட்டனை அழுத்தி "டக்" சத்தம் கேட்டதும் எர்த் சரி என்று நினைப்பவர்கள் அதிகம். அந்தப் பட்டன் உள்ளேயே ஒரு ரெசிஸ்டர் வழியாகச் சமநிலையைக் குலைக்கிறது, எர்த் வயரைத் தொடுவதே இல்லை. எர்த்தே இல்லாத வீட்டிலும் அது "டக்" என்னும்.

பிளக்கில் சொருகும் மூன்று விளக்கு டெஸ்டரும் இப்படித்தான். எர்த் இல்லாத பாயிண்டில் யாராவது குறுக்கு வழியாக நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு சின்னத் துண்டு வயரால் இணைத்திருந்தால், டெஸ்டர் எல்லாம் சரி என்று காட்டும். அந்த நியூட்ரல் எங்காவது அறுந்தால் கருவியின் உடல் முழுதும் மின்சாரம். பாயிண்டைக் கழற்றிப் பார்த்தால்தான் இது தெரியும். குறைந்தது சில பாயிண்டுகளையாவது கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

9. அறிக்கையைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்காதீர்கள்

"திருப்தி" என்ற சொல்லை மட்டும் தேடிப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். முதலில் வரம்புகள் என்ற பகுதியைப் படியுங்கள். எதைப் பார்க்கவில்லை, ஏன் பார்க்கவில்லை என்று அங்கே இருக்கும். பெரிய ஓட்டை அங்கே இருந்தால் முடிவில் என்ன எழுதியிருந்தாலும் கேட்டவர் ஏற்க மாட்டார்.

பிறகு உங்கள் சர்க்யூட் பட்டியலோடு ஒப்பிடுங்கள். உங்களிடம் 14, அறிக்கையில் 11 என்றால் மீதி 3 எங்கே? அளவுகளையும் பாருங்கள். எல்லா சர்க்யூட்டுக்கும் லூப் தடை தசமம் வரை ஒரே எண்ணாக இருந்தால் அவர் அளக்கவில்லை, எழுதியிருக்கிறார். டிபி பாக்ஸிலிருந்து உள்ள தூரம் மாறினால் அளவும் மாறத்தான் வேண்டும். உறைத் தடை மட்டும் எல்லா வரிசையிலும் ஒன்றுபோல இருந்தால் தப்பில்லை, பெரும்பாலும் கருவியின் உச்ச அளவைத் தாண்டியதாக அதற்கு அர்த்தம்.

குறைகளை உடனடி ஆபத்து, ஆபத்தாக வாய்ப்புள்ளது, மேம்படுத்தினால் நல்லது என்ற மாதிரி தரம் பிரித்திருப்பார்கள். முதல் இரண்டும் சரியான பிறகுதான் காகிதம் செல்லும். மூன்றாவதற்காக உங்களைப் பயமுறுத்தி டிபி பாக்ஸையே மாற்றச் சொன்னால் இன்னொருவரிடம் கேளுங்கள்.

10. பழுதைச் சரிசெய்து, காகிதங்களைச் சேர்த்துக் கொடுங்கள்

குறைகளைச் சரிசெய்பவரிடம் வேலை தொடங்கும் முன்பே ஒன்றைப் பேசிவிடுங்கள்: அவர் செய்யும் பகுதிக்கு அவர் வேலைச் சான்றிதழ் தர வேண்டும், கடைசித் தவணை அது கைக்கு வந்த பிறகுதான். முதல் முறை தவறியது இங்கேதான் இல்லையா? எனக்கும் இங்கேதான் தவறியது.

பழுதுபார்த்த பிறகு, அந்தக் குறைகள் நீங்கின என்று ஆய்வாளரிடம் எழுத்தில் வாங்குங்கள். சில இடங்களில் பழுதுபார்த்தவரின் சான்றிதழே போதும், 2ஆம் படியில் வாங்கிய பதிலில் அது இருக்கும்.

கொடுக்கும் கட்டு இப்படி இருக்கட்டும்: மேலே ஒரு பக்கக் கடிதம், அதன்கீழ் நிலை அறிக்கை, பழுதுக்கான வேலைச் சான்றிதழ், எலக்ட்ரீஷியனைத் தேடிய கடித நகல்கள், கடைசியில் படங்களும் பில்லும். கடிதத்தில் "அசல் சான்றிதழ் கிடைக்கவில்லை, அதற்குப் பதிலாக இவை" என்று நேராகச் சொல்லுங்கள். மழுப்பினால் கேள்வி மேல் கேள்வி வரும். அசலைக் கையில் வைத்துக்கொண்டு நகலைக் கொடுங்கள், பெற்றுக்கொண்டதற்குத் தேதியோடு முத்திரை வாங்குங்கள்.

பழைய எலக்ட்ரீஷியனுக்கு இன்னும் பணம் பாக்கி இருந்தால் ஆய்வுச் செலவைக் கழித்துக்கொள்ளத் தோன்றும். ஒப்பந்தம் என்ன சொல்கிறது என்று பார்த்து, கழிக்கும் முன் அதே பதிவுத் தபாலில் அவருக்குத் தெரிவியுங்கள். பல மாதம் கழித்து அவர் திரும்பி வந்து, "சான்றிதழ் இதோ, மீதிப் பணம் எங்கே" என்று கேட்பதும் நடந்திருக்கிறது. அப்படி வந்தால் அந்தச் சான்றிதழை வாங்கி, அதில் உள்ள சோதனைத் தேதியையும் அளவுகளையும் ஆய்வாளரின் அளவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகு பணத்தைப் பற்றிப் பேசுங்கள்.